எந்த நான்கும் போதும்

செப்டம்பர் 12, புதன்

யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். எங்கள் வானிலைத் தகவல் கிடங்கின் ஏழு கணினி இயந்திரங்களுக்கும் நான் என் சொந்தக்காரர்களின் பெயர்களை வைத்திருந்தேன். எங்கள் பெருங்கடலில் ஏழு தீவில் ஏழு இயந்திரம். எண்களை நினைவில் வைக்கிற வயது போய்விட்டது. சுவாவில் இருப்பதற்கு என் அம்மாவின் பெயர், கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரும். அபியாவில் இருப்பதற்கு என் தங்கையின் பெயர், வேலை நடக்கும், ஆனால் புலம்பலோடு நடக்கும். தராவாவில் இருப்பது ஏழிலும் மந்தம். அதற்கு என் மனைவி உனைசியின் அண்ணன் பெயர்: பெனையா. என் மைத்துனர் வாசலில் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அடுப்பில் சேம்பு வெந்துவிடும்.

இது எனக்கும் பக்கத்து மேசை ஷலேஷ்னிக்கும் மட்டும் தெரிந்த வேடிக்கையாக இருந்திருக்க வேண்டியது. காலாண்டு அறிக்கையை அனுப்பும்போது பெயர்களை மாற்ற மறந்துவிட்டேன்.

அறிக்கை ஆறு நாடுகளுக்குப் போயிருக்கிறது. அதில் ஒரு பத்தி இப்படி: "பெனையா எப்போதும் தாமதம். பாதி வேலையில் நின்றுவிடுகிறது. அவசர காலத்தில் பெனையாவை நம்ப முடியாது. பெனையாவை மாற்றுவதற்கு நிதி தேவை."

பெனையா நவுசோரியில் சர்ச்சில் பிரசங்கம் செய்கிறவர். அமைச்சகத்தில் வேலை பார்க்கும் சபைக்காரர் யாரோ அந்தப் பக்கத்தைப் படி எடுத்துக் கொண்டுபோய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் அது வரிசை வரிசையாகக் கைமாறியதாம்.

உனைசி மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "எங்க அண்ணனை மாத்த எவ்வளவு கேட்டிருக்கீங்க?"

செப்டம்பர் 14, வெள்ளி

பெனையா போனை எடுக்கவில்லை. தராவாவில் உள்ள பெனையாவும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 19, புதன்

அவமானத்தை மறக்க ஒரே வழி வேலை. நல்லவேளையாக வேலை இருக்கிறது, அதுவும் சகியுசாவோடு. நானும் அவனும் பள்ளி விடுதியில் ஒரே இரட்டைக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள். அவன் குறட்டையைக் கேட்டே நான் கணக்குப் படித்தேன்.

இதுவரை எங்கள் கிடங்கு நடந்த விதம் இது. பழைய புயல்களின் படங்கள், கடல் மட்டக் கணக்குகள் எல்லாம் பெரிய பெரிய கோப்புகள். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி நான்கு தீவுகளில் வைத்திருந்தோம். புயல் கிளம்பினால் எந்தக் கிளைக்காரன் கேட்டாலும் நான்கு துண்டும் போய்ச் சேர வேண்டும். மூன்று துண்டு உடனே வந்து உட்கார்ந்துவிடும். நான்காவது எங்கோ மின்சாரம் போன தீவில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். எல்லாரும் பாயில் உட்கார்ந்து, குடிக்க யங்கோனா வேரையும் இடித்துக் கரைத்துவைத்து, ஒருவருக்காகக் காத்திருக்கிற மாதிரி. கடைசி ஆளின் வேகம்தான் எல்லாருடைய வேகமும்.

என் யோசனை: வெட்டின நான்கோடு நிறுத்தாதே. அந்த நான்கையும் விதவிதமாகக் கலந்து இன்னும் மூன்று துண்டு செய். ஏழு துண்டு, ஏழு தீவு. வேண்டும்போது ஏழு பேரையும் ஒரே நேரத்தில் கேள். முதலில் வருகிற நான்கைப் பிடித்துக்கொள். அது எந்த நான்காக இருந்தாலும் கணக்குப் போட்டு முழுப் படத்தையும் மீட்டுவிடலாம். மிச்சம் மூன்று பேருக்கும் "போதும்" என்று சொல்லி அனுப்பிவிடு.

ஷலேஷ்னிக்குச் சந்தேகம். "வராத துண்டு எப்படிண்ணே வரும்?"

"என்கிட்ட மூணு. உன்கிட்ட அஞ்சு. சகியுசாகிட்ட ரெண்டையும் கூட்டின எட்டு. நீ வரலைன்னா என்ன? எட்டுல மூணு போனா நீதான்."

"அப்ப நான் வராமலே வந்துட்டேன்."

"ஆமா."

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை நான் லீவு."

கலப்பதும் பிரிப்பதும் என் வேலை. ஏழு பேரைக் கேட்பது, நான்கு வந்ததும் மற்றவர்களுக்குப் போதும் என்று சொல்வது, இவை சகியுசாவின் வேலை. அவனுக்குப் பொருத்தமான வேலை. கேட்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. விடுதியில் என் சட்டையைக் கேட்டு வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு வந்து என் காலணியைக் கேட்பான்.

அக்டோபர் 5, வெள்ளி

வேலை செய்கிறது! நிதி தருகிறவர்கள் முன்னால் இன்று ஓட்டிக் காட்டினோம். வேண்டுமென்றே மூன்று தீவுகளின் இணைப்பைப் பிடுங்கினேன். அவர்கள் முகம் வெளுத்தது. படம் வழக்கம்போல் வந்து நின்றது. வழக்கத்தைவிட வேகமாகவே வந்தது.

எழுந்து நின்று பேசினேன். சுலு வேட்டியின் மடிப்புக் கலையாமல், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு: "இதில் யாருமே தவிர்க்க முடியாதவர் இல்லை. அதுதான் இதன் அழகு. எந்த நான்கும் போதும்." கை தட்டினார்கள். எனக்கே என் குரல் பிடித்துப்போயிற்று.

மாலை அலுவலகத்துப் பின்பக்கம் பாய் விரித்து யங்கோனா. நாலைந்து கிண்ணம் ஆனபின் சகியுசா என்னைத் தனியாக மாமரத்தடிக்குக் கூட்டிப்போனான். அவன் மகன் தனியேலாவுக்குக் கல்யாணம். நவம்பர் பத்தாம் தேதி பெண் வீட்டில் போய் முறைப்படி கேட்க வேண்டும். பெண் வீட்டார் பெரிய குடும்பம். நான்கு திமிங்கிலப் பல்லாவது கொண்டுபோய் வைக்காமல் வாயைத் திறக்க முடியாது.

"என்கிட்ட ஒண்ணுகூட இல்லடா இலி. தங்கச்சி கல்யாணத்துக்கும் அப்பா சாவுக்கும் எல்லாம் போயிருச்சு."

"நான் என்ன செய்யணும்?"

"ஒரு தம்புவா. ஒரே ஒரு பல்லு. உன்னை விட்டா நான் யார்கிட்டடா போய் நிப்பேன்?"

அவன் கண் கலங்கியிருந்தது. யங்கோனாவாகவும் இருக்கலாம். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சுன்னு நெனச்சுக்கோ" என்றேன். என் வீட்டில் திமிங்கிலப் பல் எதுவும் கிடையாது. இருக்கிற பற்களில் இரண்டு ஆடுகின்றன.

அக்டோபர் 8, திங்கள்

பல்லுக்கு எங்கே போவது? அடகுக்கடைக் கண்ணாடிக்குள் நான்கைந்து தொங்குகின்றன. ஆனால் அங்கே வாங்கினதைக் கொண்டுபோனால் பெண் வீட்டுப் பெரியவர்கள் கயிற்றைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பல் என்றால் அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

உனைசி சொன்னாள்: "எங்க அண்ணன்கிட்ட இருக்கு. அப்பா செத்தப்ப வந்தது."

"வேற யார்கிட்டயும் இல்லையா?"

"ஏன், அவசர காலத்துல அவரை நம்ப முடியாதோ?"

இந்த வீட்டில் அந்த அறிக்கையை மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

அக்டோபர் 14, ஞாயிறு

நவுசோரி போய் வந்தேன். இடுப்பு வலி, முழங்கால் வலி, மனது மட்டும் லேசாக இருக்கிறது.

ஒரு கட்டு யங்கோனா வேரோடு போனேன். தப்புச் செய்தவன் மன்னிப்புக் கேட்கப் போகிற முறைப்படி வாசலிலேயே குனிந்து, பாயின் ஓரத்தில், தலையைத் தூக்காமல் உட்கார்ந்தேன். பெனையா உள்ளேயிருந்து வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பதை எழுதப் போவதில்லை. அவசரமே இல்லை அவருக்கு.

"மன்னிச்சுக்கோ மச்சான். மெதுவாத்தான் வந்தேன். என்னை மாத்த இன்னும் நிதி வரலையாமே?"

"மச்சான், அது இயந்திரம்..."

"தெரியும். நானும் பாதி வேலையில நின்னுடறேன்னு எல்லாரும் சொல்றாங்க."

சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் நிபந்தனையைச் சொன்னார். காலை ஆராதனையில் முதல் வரிசையில் நான் உட்கார வேண்டும். அறிவிப்புகள் நேரத்தில் எழுந்து நின்று, கூடியிருக்கிற எல்லாரும் கேட்க, பெனையா தாமதமானவரில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னேன். நான்கு வருஷமாக மேடையில் பேசிக் கைதட்டு வாங்குகிறவன், ஒரு வரியைச் சொல்ல மூன்று முறை எச்சில் விழுங்கினேன். பின் வரிசையில் யாரோ, "ரெண்டாம் பக்கத்தையும் வாசிங்கய்யா!" என்று கத்தினார்கள். சபையே குலுங்கியது. பிறகு பெனையாவின் பிரசங்கம், பொறுமையைப் பற்றி. அதைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் பொறுமை வந்திருக்கும். வராவிட்டால் உயிரோடு வெளியே வந்திருக்க முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு பல்லைப் பற்றிக் கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. அதனாலேயே கேட்கக் கூச்சம்.

பெனையா யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க அப்பா காரியத்துக்கு வந்த பல்லு. குடும்பத்துல பெரியவங்க ரெண்டு பேரைக் கேக்கணும். கேட்டுட்டு நானே கொண்டாந்து தர்றேன். அவன் உனக்கு அவ்வளவு வேண்டியவனா மச்சான்?"

"அவன் என்னை மட்டும்தான் கேட்டான்."

இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அக்டோபர் 30, செவ்வாய்

பல் வரவில்லை. "பெரியவங்க ஒருத்தரைப் பாத்தாச்சு" என்று பெனையா தகவல் அனுப்பியிருக்கிறார்.

சோதனையில் ஒரு சிறு குறை. நான்கு துண்டு வந்தபின் சகியுசாவின் "போதும்" போகிறது. ஆனால் அது போய்ச் சேருவதற்குள் மிச்சம் மூன்று தீவும் தங்கள் துண்டை அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. ஷலேஷ்னி சொன்னாள்: "வேண்டாம்னு சொல்றதும் அதே சந்து வழியாத்தானே போகணும்?" சகியுசா, "அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். கல்யாண வீட்டுக்காரன், விட்டுவிட்டேன்.

நவம்பர் 8, வியாழன்

வந்துவிட்டது! நேற்றுத் தீபாவளிக்கு ஷலேஷ்னி கொடுத்தனுப்பிய இனிப்பை இன்று காலை தின்றுகொண்டிருந்தபோது வாசலில் பெனையா. செருப்பைக் கழற்றினார் (உனைசி சேம்பை வேகவைத்து இறக்கினாள்). உள்ளே வந்து உட்கார்ந்து, பல்லை இரண்டு கையாலும் ஏந்தி, தன் அப்பாவின் பெயரைச் சொல்லி, முறைப்படி என் கையில் கொடுத்தார். தேன் நிறத்தில் பெரிய பல். கயிறு பழசு, ஆயிரம் கை பட்ட வழவழப்பு. எங்கள் வழக்கப்படி கை தட்டி வாங்கிக்கொண்டேன்.

நாளைக்கு லாமியில் சகியுசா வீட்டுக்கு. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 9, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

மழை. பல்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பஸ் வாலு விரிகுடாவைத் தாண்டும்போது போன் அடித்தது. சகியுசாவிடமிருந்து செய்தி:

"போதும்டா. நாலு வந்தாச்சு. சிரமப்படாதே. வினாகா, ரொம்ப நன்றி."

முதலில் புரியவில்லை. நாலு வந்தாச்சு என்றால்? யார் கொடுத்தார்கள்? பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை. போனேன்.

அவன் வீட்டு முன்வராந்தாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ராகிராகியிலிருந்து வந்தவர், எங்களோடு விடுதியில் படித்த வைசாக்கே. இன்னொருவர் சகியுசாவின் மனைவி வழியில் ஏதோ பெரியப்பா. இரண்டு பேர் மடியிலும் துணிப் பொட்டலம். நானும் என் பொட்டலத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று பேரும் மழையைப் பார்த்தோம்.

வைசாக்கே மெதுவாகக் கேட்டான்: "உன்கிட்டயும் கேட்டானா?"

"ம்."

"உன்னை விட்டா யார்கிட்ட நிப்பேன்னானா?"

"ம்."

"மாமரத்தடியிலயா?"

"நம்ம ஆபீஸ் மாமரம். உனக்கு?"

"எங்க வீட்டு மாமரம்."

பெரியப்பா இருமினார். "எனக்குப் பலாமரம்" என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பாயில் நான்கு பல், வரிசையாக, எண்ணெய் தடவிப் பளபளவென்று. சகியுசா வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். அது விடுதியில் சட்டை கேட்கிற சிரிப்பு.

"அட, செய்தி வரலையா? மழையில எதுக்குடா வந்த?"

"எத்தனை பேரைக் கேட்ட?"

"எல்லாம் அப்புறம்..."

"எத்தனை பேரைடா கேட்ட?"

"ஏழு." அவன் குரல் இறங்கியது. பிறகு ஏறியது. "என்னடா இப்படிப் பாக்குற? நீதானே சொன்ன? ஏழு பேரைக் கேளு, முதல்ல வர்ற நாலைப் பிடின்னு. எந்த நாலும் போதும்னு அத்தனை பேர் முன்னால சொன்னது நீதானே?"

அடேய். அது கோப்புடா. கோப்புக்கு மைத்துனர் கிடையாது. கோப்பு சர்ச்சில் எழுந்து நிற்காது. இதையெல்லாம் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு: "நான் உனக்காக ஒரே ஒரு வாசல்ல போய்க் குனிஞ்சேன். நீ என்னை வரிசையில நிக்க வெச்சுட்டே." வைசாக்கே எழுந்து என்னைப் பிடித்துக்கொண்டான். பெரியப்பா எழவில்லை, அவருக்குச் சாப்பாடு போடுவதாகச் சொல்லியிருந்தார்களாம்.

பல்லோடு திரும்பி வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி, "நல்ல விசேஷத்துக்கா போறீங்க?" என்று கேட்டாள்.

நவம்பர் 10, சனி

போகவில்லை. உனைசி போனாள். பெண் வீட்டார் ஒப்புக்கொண்டார்களாம். விருந்தில் வைத்த கோகோடா மீனில் தேங்காய்ப்பால் கொஞ்சம் தூக்கலாம்.

நவம்பர் 13, செவ்வாய்

பெனையா போன் செய்தார். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

"பல்லு நல்லபடியாப் போய்ச் சேந்துச்சா மச்சான்? என்ன சொன்னாங்க?"

"கண்ணீர் விட்டான் மச்சான்."

"எங்க அப்பா பேரைச் சொன்னியா?"

"முதல்ல அதைத்தான் சொன்னேன்."

பல் கட்டிலுக்கடியில், என் பழைய ரக்பி காலணிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க முடியாது. முறைப்படி கொடுத்ததைத் திருப்பினால் கொடுத்தவர் முகத்தில் அறைந்த மாதிரி. வைத்துக்கொள்ளவும் கூசுகிறது. உனைசி கீழே பெருக்கும்போதெல்லாம், "உங்க ஆளு இன்னும் இங்கேதான் இருக்காரு" என்கிறாள்.

நவம்பர் 16, வெள்ளி

அலுவலகத்தில் சகியுசாவோடு பேசுவதில்லை. அவனும் பேசுவதில்லை. ஷலேஷ்னி நடுவில்.

"ஷலேஷ்னி, பிரிக்கிற பகுதியை மாத்திட்டேன்னு அவர்கிட்டச் சொல்லு."

"அவர் ரெண்டடி தள்ளித்தான் இருக்காரு."

"சொல்லு."

"அண்ணே, பிரிக்கிற பகுதியை மாத்திட்டாராம். சம்பளத்துல தனியாப் போட்டுருங்க, நான் இப்போ தபால்காரி."

எனக்கு எது வலிக்கிறது? பல் பயன்படாதது அல்ல. நான் ஏழாவதாகப் போனதும் அல்ல. மூன்றாவதாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல்லை வாங்கிக்கொண்டு கட்டிப்பிடித்திருப்பான், நான் வாழ்நாள் முழுக்க அவன் உயிர்த்தோழன் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருப்பேன். அதை நினைத்தால்தான் ஆத்திரம். இந்த நாற்பது வருஷத்தில் எத்தனை தடவை நான் முதல் நான்குக்குள் வந்துவிட்டதால் மட்டும் தெரியாமல் போயிற்று? மேடையில் நின்று யாருமே தவிர்க்க முடியாதவர் இல்லை என்று சொன்னேனே, அப்போது நான் என்னைக் கணக்கில் சேர்த்திருந்தேனா? சேர்க்கவில்லை. கை தட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 20, செவ்வாய்

யங்கோனா குடிக்கப் போகவில்லை. பின்பக்கத்திலிருந்து அவன் சிரிப்புக் கேட்டது. நான்கு பேர் சிரிப்பு. போதும்தானே.

நவம்பர் 26, திங்கள்

வனுவாத்துவுக்கு வடக்கே சுழல் ஒன்று கிளம்பி இறங்கி வருகிறது. காலையில் அங்குள்ள எங்கள் வீலாக் கிளையிலிருந்து கேட்டார்கள்: இதே பாதையில் முன்பு வந்த புயல்களின் படம் வேண்டும், எந்தக் கரையில் அலை ஏறியது என்று பார்த்து மதியத்துக்குள் ஆட்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். புதிய முறைக்கு இதுதான் முதல் நிஜப் புயல்.

வரவில்லை.

பழைய முறையில் வருகிற நேரம் தாண்டிற்று. இன்னும் வரவில்லை. அபியா கேட்டது, லபாசா கேட்டது, நுகுஅலோபா கேட்டது. எல்லாக் கிளையும் பதறி அதே படத்தைக் கேட்கின்றன. ஒவ்வொன்றும் ஏழு பேரைக் கேட்கிறது. நான்கு போதும் என்கிற நேரத்தில் மிச்சம் மூன்றும் கிளம்பி வழியில் இருக்கின்றன. யாருக்கும் வேண்டாத துண்டுகள் கம்பி முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன; வேண்டிய துண்டு பின்னால் மாட்டிக்கொண்டது. "போதும்" என்ற சொல்லும் அவற்றுக்குப் பின்னால்தான் நின்றது.

சகியுசா நாற்காலியிலிருந்து எழுந்தான். என்னை நேராகப் பார்க்கவில்லை. "ஷலேஷ்னி, ஏழு பேரையும் ஒண்ணா கேக்க வேண்டாம்னு அவன்கிட்டச் சொல்லு. அஞ்சு பேரைக் கேட்டாப் போதும். கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு, வரலைன்னா மட்டும் ஆறாவது ஆளைக் கேக்கலாம்."

நான் சொன்னேன்: "இந்த அறிவு மாமரத்தடியில எங்கே போச்சுன்னு கேளு."

ஷலேஷ்னி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவள் கோபப்பட்டு இன்றுதான் பார்த்தேன். "அங்கே கடற்கரையில ஜனங்க உக்காந்திருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் பல்லைப் பத்திச் சண்டை போடுறீங்க. நான் ஒருத்தரோட வார்த்தையையும் இனிமே தூக்க மாட்டேன். வாயிருக்குல்ல? பேசுங்க!"

பேசினோம். "இங்க பாரு", "அதை மாத்து", "எந்த அஞ்சு?", "வழி அடைக்காத அஞ்சு." அவ்வளவுதான் பேச்சு. அவன் கேட்கும் முறையை மாற்றினான், நான் பிரிக்கும் பகுதியில் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். அவன் தோள் என் தோளில் இடித்தது. இரண்டு பேருமே விலகவில்லை, இடமில்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு வீலாவில் படம் விரிந்தது. முதலில் வந்த நான்கு துண்டுகளில் ஒன்று தராவாவிலிருந்து. பெனையா! சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சகியுசாவும் சிரித்தான். சிரித்ததும் இருவருக்கும் நினைவு வந்து நிறுத்திக்கொண்டோம்.

"டீ குடிக்கிறியா இலி?"

"வேண்டாம்."

"நீங்க ரெண்டு பேரும் குடிக்காட்டி ரெண்டையும் நானே குடிச்சிருவேன்" என்றாள் ஷலேஷ்னி. குடித்தாள்.

நவம்பர் 27, செவ்வாய்

வீலாவில் கூரைகள் போயின. ஆட்கள் மேட்டில் இருந்தார்கள்.

டிசம்பர் 2, ஞாயிறு

மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் யாரோ குனிந்து நுழைகிறது தெரிந்தது. சகியுசா. நல்ல சுலு, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. பாயின் ஓரத்தில், கதவோரமாக, தலையைத் தூக்காமல் உட்கார்ந்தான். கையில் திமிங்கிலப் பல்.

சின்ன வயதிலிருந்து இவன் எதையாவது கேட்க வந்துதான் பார்த்திருக்கிறேன். கொடுக்க வந்து பார்த்ததில்லை.

முறைப்படி பேசத் தொடங்கினான், பாதியில் முறை போய்விட்டது. "ஏழுல ஒருத்தனா உன்னை நெனச்சுட்டேன்டா. பயந்துட்டேன். நாலு பேரை மட்டும் கேட்டு, ஒருத்தன் வரலைன்னா? பொண்ணு வீட்டு வாசல்ல மூணு பல்லோட நிக்க முடியுமா? தனியேலா முகத்தை எப்படிப் பாப்பேன்? உன் மச்சான் உன்கூடப் பேசுறதில்லைன்னு ஊருக்கே தெரியும். உன்கிட்டயிருந்து வராதுன்னு நெனச்சேன். வந்தே. அதுவும் மழையில வந்தே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, ஏழு பேரைக் கேட்டுக்கோன்னு."

"அதைச் சொன்னா நீ அவ்வளவு கஷ்டப்பட்டிருப்பியா?"

கேட்பதில் இவனை மிஞ்ச ஆள் கிடையாது.

பல்லை நீட்டினான். அதை வாங்கும்போது கயிற்றில் ராகிராகி ஊர் முடிச்சைப் பார்த்தேன். வைசாக்கேயின் பல். அவனிடமும் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டு, அவன் மன்னித்துக் கொடுத்த பல்லை இங்கே கொண்டுவந்திருக்கிறான் போலிருக்கிறது. கேட்கவில்லை. கை தட்டி வாங்கிக்கொண்டேன். உனைசி உள்ளே மூக்கைச் சிந்தினாள்.

அப்போது எனக்கு ஒரு பெருந்தன்மை வந்தது. அதை அடக்க முடியவில்லை. பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, சொன்னேன்: "மறந்துட்டேன் சகியுசா. ஆனா ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. ஒருத்தனுக்காகப் போகும்போது ஒரே வாசலுக்குத்தான் போகணும். வந்தா வருது, வராட்டி அவன்கூட நின்னு அவமானப்படணும். நான் அப்படித்தான் போனேன். அதுக்குப் பேருதான் சிநேகம்."

அவன் அழுதான். நானும் அழுதேன். யங்கோனா கரைக்கும் மரத் தானோவாவை எடுத்து வந்து நான்கு மணிக்குக் கரைக்கத் தொடங்கி, அவன் போகும்போது எனக்கு நாக்கு மரத்துவிட்டது. நல்ல நாள்.

டிசம்பர் 4, செவ்வாய்

கடாவுத் தீவுக் கப்பலில் எனக்கு ஒரு பொட்டலம் வந்திருப்பதாகத் துறைமுகத்திலிருந்து ஆள் வந்தான். பாய்த்துண்டில் சுற்றி, சணலால் கட்டி, என் சித்தப்பா மகன் அனுப்பியது. உள்ளே பல். "நீ கேட்டபடி. தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ, அத்தையைச் சம்மதிக்க வைக்க நாள் ஆயிற்று" என்று சொல்லியனுப்பியிருக்கிறான்.

அக்டோபர் எட்டாம் தேதி, நவுசோரி போவதற்கு முன்பே, அவனையும் கேட்டிருந்தேன். லபாசாவில் ஒருவரையும். பெனையா கொடுத்தபிறகு இருவருக்கும் "போதும்" என்று சொல்ல மறந்துவிட்டேன். லபாசாக்காரர் வியாழக்கிழமை படகில் தானே நேரில் கொண்டுவருகிறாராம்.